கரடி முடி, பன்றி முடி

சிவப்புக் கூடை நிரம்பிவிட்டது. கன்னியம்மா இன்னொரு கூடையைக் காலால் இழுத்து மேசைக்கடியில் தள்ளிவிட்டு அடுத்த பிரஷ்ஷை எடுத்தாள். கைப்பிடியை அவள் பார்க்கவில்லை. முடிப்பக்கத்தை மேலுதட்டில் வைத்து, மூக்குக்குக் கீழே ஒரு இழுப்பு. சிவப்புக் கூடை. அடுத்ததை எடுத்தாள். ஒரு இழுப்பு. சிவப்புக் கூடை.

"ஏ கன்னிம்மா, இன்னா வெறி புட்ச்சிகிச்சா உனக்கு?" எதிரில் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி தன் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "காலைலேர்ந்து பச்சைக் கூடைல ஒண்ணுகூட உழல."

"உழாது."

"ஏன்?"

"இது கரடி இல்ல. பன்னி."

"சீட்டுல கரடின்னு போட்டுக்கீதே."

"சீட்டயா மூஞ்சில தேய்க்கப் போறாங்க?"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உள்சாலையில், இரும்பு ஆலைகளின் புகைக்கு நடுவே, அந்தக் கம்பெனி சவரப் பிரஷ் செய்கிறது. நான்கு வகை முடி அங்கே வரும். பன்றி, குதிரை, நைலான், பிறகு விலை கூடின பேட்ஜர். கடைசி மிருகத்தை அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. சீனாவிலிருந்து முடி மட்டும் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். கம்பெனி தொடங்கிய வருஷத்தில் யாரோ கரடி என்று சொல்லிவைக்க, அதுவே பெயராக நின்றுவிட்டது. தரச் சோதனை அதிகாரி மோகன்ராஜ் ஒருநாள் செல்போனில் அதன் படத்தைக் காட்டினான். மூஞ்சியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. "கீரிப்புள்ளைக்கு பன்னி மூஞ்சி வெச்சா மாரி கீது" என்றாள் ஜோதிலட்சுமி. பெயர் மாறவில்லை.

கரடி முடிக்கு நுனி வெளுப்பு, நடுவில் கறுப்பு, அடியில் மறுபடி வெளுப்பு. அதே போலப் பன்றி முடிக்கும் சாயம் ஏற்றி, நுனியை மருந்தில் ஊறவைத்து மெல்லிசாக்கி, குறைந்த விலைப் பிரஷ்களுக்கு அனுப்புகிறான் சீனாக்காரன். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. அதனால்தான் கடைசிச் சோதனைக்கு என்று ஜன்னலோரம் ஒரு மேசையும் நான்கு பெண்களும். சரியானது பச்சைக் கூடை, தவறானது சிவப்பு.

உதட்டில் வைத்துப் பார்ப்பதைத் தொடங்கியவள் கன்னியம்மாதான். முப்பத்திரண்டு வயதுவரை நடவுக்குப் போன கை. கம்பெனிக்கு வந்தபின் முதல் மூன்று வருஷம் பசைப் பிரிவில் சூட்டுப் பசை பட்டுப் பட்டு விரல்நுனி செத்துப்போயிருந்தது. அங்கே அடிக்கும் நெடியில் ராத்திரியெல்லாம் இருமுவாள். ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையைத் தாண்டிப் போகையில் நின்று, யாரும் கேட்காமலே, "அந்தக் கட்டுல குதிரை கலந்துக்கீது" என்றாள். பிரித்துப் பார்த்தார்கள். கலந்திருந்தது. மறுவாரம் அவளுக்கு ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் கிடைத்தது, ஆறு மாதத்தில் நிரந்தர அடையாள அட்டையும். விரலுக்குத் தெரியாததை உதட்டிடம் கேட்டுக்கொண்டாள். பார்த்து மற்ற மூவரும் பழகிக்கொண்டார்கள். கரடிச் சீட்டு ஒட்டியது மட்டும் அவளிடமே வரும். கைப்பிடி கடையும் கடைசல் பிரிவு ஆண்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "அக்கா, மீசை எவ்ளோ வந்துக்கீது?" என்பார்கள். "உன்னுதவிட அடர்த்தியாதான்டா" என்பாள், தலை நிமிராமலே.

மோகன்ராஜ் வந்தபோது மணி பதினொன்று. சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் பிடித்து வருகிறான். அவன் வந்த பிறகு, முடிக்கட்டு இறங்கும் இடத்தில் ஒரு லென்ஸ் மேசை வந்தது. கட்டிலிருந்து நாலு முடி உருவி லென்ஸுக்கடியில் வைப்பான். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. அதில் வகைக்கொன்றாக மாதிரிக் குஞ்சங்கள், கீழே பெயர் எழுதிய பித்தளைத் தகடு. மாதிரியோடு ஒத்துப்போனால் சீட்டு ஒட்டி உள்ளே அனுப்புவான். இறங்கும் கட்டைப் பார்ப்பது அதுவரை கன்னியம்மாவின் வேலை. இப்போது அவளிடம் மிஞ்சியது கடைசிச் சோதனை மட்டும்.

"அக்கா, இதெல்லாம் என்ன?"

"ரிஜெக்ட் சார்."

"எவ்ளோ?"

"நானூறு தாண்டிடுச்சு. மிச்ச எறநூறும் இதே சரக்குதான்."

"சனிக்கிழமை கன்டெய்னர் கெளம்பணும்கா."

"கெளம்பும் சார். பன்னியக் கரடின்னு அனுப்பிச்சா அதே கன்டெய்னர்ல திரும்பியும் வரும்."

"நான் லென்ஸ்ல பாத்துத்தான் சீட்டு ஒட்டினேன். நுனி, பட்டை, தடிமன், எல்லாம் மாதிரியோட ஒத்துப்போகுது."

"லென்ஸுக்கு உதடு இல்லியே சார்."

மேசை முழுக்கச் சிரித்தது. மோகன்ராஜின் காதுமடல் சிவந்தது. கெட்டவன் இல்லை அவன். ஆனால் லென்ஸ் இருக்கும்போது இந்த மேசை வேண்டியதில்லை என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

பிற்பகலில் மேலாளர் சரவணகுமார் வந்து கூடைகளுக்கு நடுவில் நின்றார். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டார்.

"கன்னியம்மா, நீ சொல்றது சரின்னா அறுநூறு பிரஷ்ஷோட தலையையும் பிடுங்கணும். தப்புன்னா மோகன்ராஜ் எழுதினதுல கையெழுத்துப் போட்டுடுவேன். நாலு பேரும் பசைக்குப் போக வேண்டியதுதான். சம்மதமா?"

மற்ற மூன்று பெண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"சம்மதம் சார்" என்றாள்.

"நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல கேன்டீன்ல வெச்சுப் பாத்துடுவோம். மோகன்ராஜ், பத்துக் குஞ்சம் கட்டுங்க. பேர் வேணாம், நம்பர் மட்டும்."

சாயங்காலம் ஆரம்பாக்கத்தில் கணவன் ஜெயராஜிடம் சொன்னாள். அவன் கம்பி ஆலையில் வேலை செய்பவன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"எதுக்கு உனக்கு இந்த பேஜாரு? பேசாம பச்சைல போட்டுட்டு வர வேண்டிதானே."

"உன் மில்லுல கம்பி விரிசல் உட்டிருந்தா லாரில ஏத்துவியா?"

"சூப்பர்வைசர் ஏத்துன்னா ஏத்துவேன்."

"அதான் உன்னை அங்க வெச்சிக்கிறாங்க, என்னை இங்க வெச்சிக்கிறாங்க."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் அடுப்பு முன்னால் உட்கார்ந்ததும் அந்த வாசனை ஞாபகம் வந்தது. பிறந்த வீட்டுக்குப் பின்னால் இரண்டு பன்றிகள் நின்றன. மழையில் நனைந்து வந்தால் அவற்றின் முதுகை வைக்கோலால் தேய்த்துவிடுவது அவள் வேலை. முதுகு முடி அடியில் தடித்து, நுனியில் இரண்டாக மூன்றாகப் பிளந்திருக்கும். தண்ணீர் குடித்தால் துவளும். வெந்நீர் பட்டால் ஒரு வாசனை எழும். அந்த வாசனையைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் அவளைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். எட்டாவதோடு நின்றாள். கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று யார் கேட்டாலும், "பழக்கம்தான்" என்று முடித்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை கேன்டீனில் சாப்பிடுவதற்கு யாரும் அவசரப்படவில்லை. கடைசல் பிரிவு ஆண்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். வெள்ளைக் காகிதம் விரித்த மேசையில் பத்துக் குஞ்சங்கள், அடியில் நூல் சுற்றி, எண் எழுதி. மோகன்ராஜ் கையில் விடைத்தாள். கன்னியம்மா முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்றாம் எண். ஒரு இழுப்பு. "கரடி."

இரண்டில் ஒரு முடியை மட்டும் உருவி உதட்டிடுக்கில் இழுத்தாள். அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமன். "குதிரை. வால் முடி."

மூன்று. "பன்னி."

நான்கை உதட்டுக்கே கொண்டுபோகவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உதறினாள். மொத்தமும் தெறித்து மோகன்ராஜ் சட்டையில் விழுந்தது. "நைலான். மன்னிச்சுக்கோங்க சார்."

பெஞ்சின் மேல் சிரிப்பு. ஐந்து, பன்றி. ஆறு, கரடி. ஏழில் கொஞ்சம் நின்றாள். கண்ணை மூடி இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "கரடிதான். கழுத்து முடி, அதான் கொஞ்சம் மொரடு" என்றாள். எட்டு, நைலான். ஒன்பது, பன்றி. பத்து, குதிரை. மொத்தம் ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை.

மோகன்ராஜ் தாளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனான். குறித்து முடித்தும் நிமிரவில்லை.

"என்ன?" என்றார் சரவணகுமார்.

"பத்துக்கு நாலு சார்."

பின்னாலிருந்து யாரோ, "அக்கா, மீசைய எட்த்துடு" என்றான். சிலர் சிரித்தார்கள். மேசைப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பசைப் பிரிவின் நெடி கன்னியம்மாவுக்கு அங்கேயே மூக்கில் ஏறியது.

"எந்த நாலு சரி சார்?" என்று கேட்டாள்.

"குதிரை ரெண்டு, நைலான் ரெண்டு."

"கரடி மூணும் தப்பா?"

"நீங்க கரடின்னு சொன்ன மூணும் பன்னி. பன்னின்னு சொன்ன மூணும் கரடி."

அவள் குஞ்சங்களை மூன்று மூன்றாக ஒதுக்கி வைத்துப் பார்த்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"சார், தெரியாதவ சொன்னா ரெண்டு சரியா போவும், ஒண்ணு தப்பா போவும். ஆறுக்கு ஆறு தலைகீழா எப்டி சார் போவும்? நான் பிரிச்சது சரியாதான் பிரிச்சிக்கிறேன். பேர்தான் மாறிக்கீது. இது கரடி, இது பன்னின்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"ஷெல்ஃப்ல சீட்டு இருக்கு."

"சீட்டு யார் ஒட்டுனது?"

"நான்தான். மாதிரியப் பாத்து."

"அந்த மாதிரிப் பெட்டியக் கொண்டாங்க."

மோகன்ராஜே போய் எடுத்து வந்தான். கன்னியம்மா கண்ணாடியைத் திறந்தாள். பெட்டியின் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் காய்ந்த குங்குமம். கரடி என்ற தகட்டின் மேல் நின்ற குஞ்சத்தை வெளியே எடுத்துத் திருப்பினாள். அதன் அடிநூலிலும் சந்தனம் அப்பியிருந்தது. பன்றிக் குஞ்சத்தின் அடியிலும்.

"ஆயுத பூஜைக்கு இத வெளில எடுத்துத் தொடச்சிக்கிறாங்க" என்றாள். பூஜையன்று அவள் லீவு. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஊத்துக்கோட்டை போயிருந்தாள்.

"ஐயையோ" என்றாள் ஜோதிலட்சுமி. எல்லோரும் திரும்பினார்கள். "நான்தான் சார் தொடச்சேன். லேத்து, மோட்டாரு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம். பெட்டிய மட்டும் எதுக்கு உடணும்னு நாலு குஞ்சத்தயும் எட்த்து, தட்டுல வெச்சி, கற்பூரம் காட்டி..." அவள் குரல் இறங்கியது. "திருப்பி வெக்கசொல்ல எது எதுன்னு பாக்கலயே. ரெண்டும் ஒரே மாரி இருந்துச்சு."

"தெனம் இந்த வேலை பாக்கறவ நீ" என்றார் சரவணகுமார்.

"சாமி கும்புடசொல்ல யார் சார் உதட்டுல வெச்சிப் பாப்பாங்க?"

அவரால்கூடச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. "பெட்டியில மாறியிருக்கலாம். மாறாமயும் இருக்கலாம். இதுல கரடி எது, பன்னி எதுன்னு இப்ப யார் சொல்றது?"

"வெந்நி சொல்லும் சார்" என்றாள் கன்னியம்மா.

டீ பாய்லரிலிருந்து இரண்டு டம்ளரில் வெந்நீர் வந்தது. ஒன்றில் கரடித் தகட்டின் மேல் நின்ற குஞ்சத்தைப் போட்டாள். இன்னொன்றில் பன்றித் தகட்டின் மேல் நின்றதை. பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை.

முதல் டம்ளரை எடுத்து மேலாளரிடம் நீட்டினாள். அவர் முகர்ந்துவிட்டு முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். டம்ளர் கைமாறிக் கைமாறிப் பெஞ்சுவரை போனது. போன இடமெல்லாம் மூக்கு சுருங்கியது. குஞ்சம் தண்ணீர் குடித்துத் துவண்டு கிடந்தது. இரண்டாவது டம்ளரில் ஒரு வாசனையும் இல்லை. முடி நிமிர்ந்தே நின்றது.

"மொத டம்ளர்ல இருக்கறது பன்னி. சாயத்துல முக்கினாலும் மருந்துல முக்கினாலும் வெந்நி பட்டா அது பன்னிதான் சார்."

"இது பன்னி வாசனைதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேலாளர்.

பழக்கம்தான் என்ற சொல் நாக்குவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"எங்க ஊட்ல பன்னி இருந்துச்சு சார். எங்கம்மா ரெண்டு வளத்தாங்க. நான்தான் தேய்ச்சி உடுவேன். இந்த வாசனைல வளந்தவ நான்." குரல் உயரவில்லை. ஆனால் கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. "இது இன்னான்னு எனக்கு ஒரு லென்ஸும் சொல்ல வேணாம்."

அவள் யார் முகத்தையும் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்வையை விலக்கியவர்கள் மற்றவர்கள்தான்.

மோகன்ராஜ் வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது ஒரு கையில் லென்ஸ், இன்னொரு கையில் வரவேற்பறை அலமாரியில் வைத்திருந்த பிரஷ். கம்பெனி முதன்முதலில் செய்த கரடிப் பிரஷ் அது, பூஜைக்குக்கூட யாரும் தொடாதது. அதிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினான். மேலாளர் வாயைத் திறந்து மூடிக்கொண்டார். டம்ளர்களிலிருந்து ஒவ்வொரு முடி. மூன்றையும் காகிதத்தில் வரிசையாக வைத்துக் குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"அலமாரி முடி நடுவுல பருத்து ரெண்டு பக்கமும் சிறுக்குது. ரெண்டாவது டம்ளர் முடியும் அப்படித்தான். மொத டம்ளர் முடி நுனியில பிளந்திருக்கு." நிமிர்ந்தான். "அக்கா சொன்னது பத்துக்குப் பத்து சார். பிளந்த நுனியத்தான் கரடின்னு நான் படிச்சு வெச்சிருந்தேன். பூஜைக்கப்புறம் சேந்தவன் நான், நான் பாத்த மொத கரடி லோடு இது, முழுக்க மாத்தி ஒட்டியிருக்கேன்."

"அப்ப நெஜக் கரடி எங்கய்யா?" என்றார் சரவணகுமார்.

மோகன்ராஜ் யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. "பன்னி ஷெல்ஃப்ல சார். இன்னிக்கு ரெண்டு மணிக்கு மலிவு பிரஷ்ஷுக்குப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லியிருந்தேன்."

மணி ஒன்று ஐம்பத்திரண்டு. மேலாளர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னால் மோகன்ராஜ், அவனுக்குப் பின்னால் கடைசல் பிரிவு முழுக்க. கன்னியம்மா ஓடவில்லை. நடந்து போய்ச் சேர்ந்தபோது கட்டுகள் பிரிக்கப்படாமல் ஷெல்ஃபில் இருந்தன. அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மேலே இருந்த கட்டை இறக்கி, உறையைக் கிழித்து, உதட்டில் ஒரு இழுப்பு.

"கரடி" என்றாள்.

யாரோ விசிலடித்தான். அதற்கப்புறம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எழுந்த சத்தம் வாசல் செக்யூரிட்டியை உள்ளே வரவழைத்தது. ஜோதிலட்சுமி தள்ளி நிற்க, மற்ற இரண்டு மேசைப் பெண்களும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மீசையை எடுக்கச் சொன்னவன் முன்னால் வந்து, "அக்கா, நீ வெச்சிக்க. எனக்குத்தான் வேணாம், நான் எட்த்துடறேன்" என்று தன் மீசையைத் தொட்டுக் காட்டினான்.

சரவணகுமார் மூச்சு வாங்கியபடி கையை ஆட்டி அமர்த்தினார். "இனிமே இறங்கற கட்டு மொதல்ல கன்னியம்மா மேசைக்கு. அங்க பேர் சொன்னப்புறம் லென்ஸுக்கு. மோகன்ராஜ், நீங்க எழுதினத..."

"கிழிச்சுடறேன் சார்" என்றான் மோகன்ராஜ். பிறகு அவளிடம் வந்தான். "அக்கா, நாளைலேர்ந்து தெனம் ஒரு அரை மணி நேரம் மேசைல உக்காரலாமா? லென்ஸ்ல எனக்குத் தெரியறது என்னன்னு எனக்கே தெரியணும்."

"வாங்க சார். மீசை இல்லாம வாங்க. இல்லன்னா உங்க முடிக்கும் சேத்துப் பேர் சொல்ல வேண்டி வரும்."

மேசைக்குத் திரும்பும்போது ஜோதிலட்சுமி பக்கத்தில் வந்து சேர்ந்தாள். அவள் வீட்டில் சொந்த நிலம் உண்டு, நெல் போடுகிறவர்கள்.

"ஏன்டி, பன்னெண்டு வருசமா எதிர்லயே உக்காந்துகினு இத எங்கிட்ட சொல்லல நீ."

"சொல்லியிருந்தா என் டப்பாலேர்ந்து கொழம்பு எட்த்துத் துன்னிருப்பியா?"

ஜோதிலட்சுமி நின்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"தெரியலடி" என்றாள். பிறகு, "இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டாள்.

"கருவாடு."

"எடு. இன்னும் சாப்புடல நான்."

இருவரும் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். வேலை நேரத்தில் மேசையில் சாப்பிடக் கூடாது என்ற விதியை அன்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கன்னியம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, மீதியிருந்த இருநூறையும் பார்க்காமலே சிவப்புக் கூடையில் கவிழ்த்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. சூலூர்பேட்டையிலிருந்து வரும் ரயில் இருபது நிமிஷம் தாமதம். அறுநூற்றுப் பன்னிரண்டு பிரஷ்களிலும் பசையைச் சூட்டில் இளக்கித் தலையைப் பிடுங்கும் வேலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடிந்தது. பதினெட்டுக் கைப்பிடிகள் உடைந்தன. புது முடி வைத்த பிரஷ்கள் மதியத்திலிருந்து மேசைக்கு வரத் தொடங்கின. மோகன்ராஜ் பத்தரையிலிருந்து பதினொன்றுவரை ஸ்டூலில் உட்கார்ந்து முப்பது குஞ்சம் பார்த்தான், பதினொன்று தவறு. கேன்டீனில் சாம்பார் சாதமும் முட்டையும். கன்னியம்மா மாலைவரை இருநூற்றுத் தொண்ணூறு பிரஷ் பார்த்தாள். ஏழு சிவப்பில் போயின. மீதி வேலைக்காகச் சனிக்கிழமை அரை மணி முன்னதாக வரச் சொன்னார்கள். ஐந்தேகாலுக்கு மணி அடித்தது.